திரைச்சீலைக்கு வெளியே ஒரு மாப்பிள்ளை

நாற்பத்தெட்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய்.

கல்முனைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் தனஞ்சயன் முதலாளிக்குச் சேர வேண்டிய காசு அது. கடனுக்குத் துணி எடுத்தவள் சுஹறா. கட்டாவிட்டால் தையல் மெசினைப் பறிகொடுக்கப் போகிறவள் நஸ்லியா. இரண்டு பேருக்கும் ஒரே முகம், ஒரே கை, ஒரே அடையாள அட்டை.

போன கிழமை, கட்டிலுக்கு அடியில் கிடந்த துணிச் சுருள்களைக் கண்டு நஸ்லியா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அந்தத் துணிதான். எப்போது வாங்கினோம், எதில் ஏற்றிக் கொண்டுவந்தோம், ஒன்றும் அவளுக்குத் தெரியாது. கணவன் ஹாதிக் கடைக்குப் போய் விசாரித்த பிறகுதான் விசயம் வெளியே வந்தது. நற்பிட்டிமுனையில் ஒரு கலியாண வீடு. பெண்ணுக்குச் சீதனமாகக் கட்டிய புது வீட்டில், மாப்பிள்ளை அறைக்குத் திரைச்சீலைகளும் கட்டில் மேற்கட்டியும் தைத்துத் தருவதாகச் சுஹறா பேச்சு முடித்திருக்கிறாள். துணிக்காசும் கூலியும் வேலை முடிந்த கையோடு தருவதாக அந்த வீட்டுக்காரி ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

கலியாணம் நாளை வெள்ளிக்கிழமை. திரை இன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குள் தொங்க வேண்டும்.

துணியை வெட்டி வைத்ததும் சுஹறாதான். நேராக ஓட்ட வேண்டிய தையலை எல்லாம் நஸ்லியா ஓட்டி முடித்துவிட்டாள். மிச்சம் கிடந்தவை பிறை பிறையாகவும் மாங்காய் வடிவிலும் வெட்டிய பொன்னிறத் துண்டுகள். எதை எதோடு பொருத்துவது, எங்கே சுருக்குவது என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. வெட்டியவளோ நாலைந்து நாளாக வரவில்லை.

இதற்கு நடுவில் மாமி பாத்தும்மா ஒரு கெடு வைத்திருந்தார். நஸ்லியாவின் உம்மா அவர்.

"இண்டைக்கி அஸர் வரைக்கும்தான் மருமகன். அதுக்குள்ள இந்த வேலை முடியல்லயெண்டா உங்கட கதை வைத்தியத்த மூட்டை கட்டி வைங்க. நாளைக்கி விடிய சுபஹுக்கு வேன் வருது. நான் சொல்லிட்டன்."

வேன் எங்கே போகும் என்று ஹாதிக்குக்குத் தெரியும். வெளியூரில் ஒருவர். ஜின்னை இறக்குகிறேன் என்று பிரம்பை எடுப்பவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒருமுறை நஸ்லியா அங்கே போய் வந்தாள். முதுகுத் தழும்பு இன்னும் மறையவில்லை. அந்த முறை வண்டி பிடித்துக் கொடுத்தவனே ஹாதிக்தான்.

இந்த முறை விடமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். ஆனால் இது மாமியின் வீடு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். வந்து இருப்பவன் எவ்வளவு தூரம் குரலை உயர்த்துவது?

விடிந்து கொஞ்ச நேரம். தேநீர்க் கோப்பையோடு முற்றத்தில் நின்றவன், உள்ளேயிருந்து ஒரு கூச்சல் கேட்டு ஓடினான்.

நஸ்லியா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"இஞ்ச பாருங்களேன்! பதில் சொல்லியிருக்கா! எனக்குப் பதில் சொல்லியிருக்கா!"

"ஆரு?"

"அவதான். சுஹறா!"

தங்கேஸ்வரி மிஸ் சொல்லிக் கொடுத்த வழி இது. மாதக்கணக்கில் கிழமைக்கொரு தரம் நஸ்லியா அவரிடம் போய் வருகிறாள். வீரமுனைக்காரி, மனநல ஆலோசகர். உங்களுக்குள் இருப்பவரோடு கதைக்க வெட்கமாக இருந்தால் போனில் பேசிப் பதிந்து வையுங்கள், அவர் வரும்போது கேட்கட்டும் என்றார் அவர். நஸ்லியாவும் ஒவ்வொரு நாளும் பேசிப் பதிந்து வைத்தாள். கிணற்றுக்குள் கல் போட்ட மாதிரி ஒரு சத்தமும் திரும்பி வரவில்லை. இன்று விடியலில் வந்துவிட்டது.

அவள் பொத்தானை அமுக்கினாள். அவளுடைய குரல்தான், ஆனால் தடித்து, அதட்டலாக, சந்தையில் மீனுக்கு விலை பேசுகிற குரல்.

"இஞ்ச பாரு புள்ள. நான் வெட்டின துணியக் கண்டபடி அடிச்சிப் பாழாக்காத. வந்து சொல்லித் தாறன். ஆனா அந்த ஆம்பிள வீட்டுக்குள்ள திரியக்குள்ள நான் வரமாட்டன். சொல்லிப்போட்டன்."

ஹாதிக் ஒரு எட்டுப் பின்னால் போனான். நஸ்லியாவோ தரையில் ஒரு குதி குதித்தாள். கலியாணம் முடித்து ஆறு வருடத்தில் அவள் அப்படிக் குதித்து அவன் பார்த்ததில்லை.

"எனக்குக் கோவம் வரல்ல, பயம் வரல்ல. சாச்சி ஊட்டுலருந்து ஆரோ டெலிபோன் எடுத்த மாதிரி இரிக்கி!"

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மாமி நின்றார். முகத்தில் கொஞ்சமும் மகிழ்ச்சி இல்லை.

"ஆம்பிள எண்டு உங்களத்தான் மருமகன் சொல்லுது. சொந்தப் புருசன ஆரு அப்பிடிச் சொல்லுவா? இதுக்குப் பிறகும் ஜின் இல்லெங்கிறீங்களா?"

ஹாதிக் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனான். தங்கேஸ்வரி மிஸ் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் யாரோ மாட்டை அதட்டும் சத்தம் கேட்டது. ஹாதிக் மூச்சு விடாமல் சொல்லி முடித்தான்.

"பதில் வந்திட்டா? உண்மையாவா? ஐயோ ஹாதிக், இது பெரிய விசயம்!" மிஸ்ஸின் குரலும் துள்ளியது. "நஸ்லியா எப்பிடி இரிக்கா?"

"குதிக்கா மிஸ்."

"குதிக்கட்டும், குதிக்கட்டும்."

"ஆனா நான் வீட்டுல இரிந்தா வரமாட்டாவாம். இப்ப நான் என்ன செய்ய? ஒரு குளிசை கிளிசை குடுத்து அவவ வரவைக்கேலாதா?"

"முதல் நாளே சொன்னன்தானே. நித்திரைக்கும் மனப் பயத்துக்கும் டாக்டர் குளிசை தருவார். பிரிஞ்சி நிக்கிறவங்கள ஒண்டா இருத்துற குளிசை இன்னும் வரல்ல. கதைதான் மருந்து. அதோட வா எண்டு இழுத்து ஒருத்தரையும் கூப்பிடப்படா. வந்தா மரியாதையாக் கதைக்கணும். சரி, ஒண்டு கேக்கன். அவ வாறப்ப நீங்க என்ன செய்வீங்க?"

ஹாதிக் காலால் மண்ணைக் கிளறினான். "நஸ்லி, நஸ்லி எண்டு உலுப்புவன். முகத்துல தண்ணி தெளிப்பன். காதுக்குள்ள ஓதுவன்."

"அவட பேரு நஸ்லியாவா?"

"இல்ல. சுஹறா."

"சுஹறா உங்களக் கலியாணம் முடிச்சாவா?"

ஹாதிக் கிணற்றடிப் பக்கம் திரும்பினான். அங்கே ஒரு காகம் சவர்க்காரத் துண்டைக் கொத்திக்கொண்டு நின்றது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சுஹறா வந்த நாளெல்லாம் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அறைக்குள் ஓடியது. அவன் பின்னால் போகப் போகச் சுவரோடு ஒட்டியது. ஜின் ஓதலுக்குப் பயப்படுகிறது என்று அவன் நினைத்திருந்தான்.

"மிஸ்... நான் அவக்கு அன்னிய ஆம்பிள."

"ம்."

"தனிய ஒரு பொம்பிள இரிக்கிற ஊட்டுக்குள்ள நான் தடதடவெண்டு போய்க் கையப் பிடிச்சிருக்கன்."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"ஒரு அன்னிய ஆம்பிள என்ன செய்வானோ அதச் செய்யிறன் மிஸ்."

போனை வைத்துவிட்டு உள்ளே ஓடினான். மாமியிடமும் நஸ்லியாவிடமும் சொன்னான். நான் வாசலுக்கு வெளியே நிற்கிறேன். வாசல் திரையை இழுத்து விடுங்கள். ஸலாம் சொல்லிக் கேட்டுக் கதைக்கிறேன். அக்காவைக் கூப்பிடுவது போல ராத்தா என்று கூப்பிடுகிறேன்.

மாமி தலையில் கையை வைத்தார். "பொஞ்சாதிய ராத்தா எண்டு கூப்பிட்டா நிக்காஹ் என்னத்துக்காகும்?"

அந்தக் கேள்வி ஹாதிக்கையும் ஆட்டிவிட்டது. மேசன் வேலை செய்கிறவன், மார்க்கக் கிதாபு படித்தவன் இல்லை. உடனே பள்ளிவாசல் சரீப் மௌலவிக்கு அழைத்தான். எல்லோரும் கேட்கும்படி போனை நடுவில் பிடித்தான். மௌலவி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.

"நீ அவவ விலக்கி வைக்கவா ராத்தா எண்டு சொல்லுறாய், சுகமாக்கவா?"

"சுகமாக்கத்தான் மௌலவி."

"மறுகா என்ன கேள்வி? போய் வேலையப் பாரு. பாத்தும்மா ராத்தா பக்கத்துல நிண்டா சொல்லு, பிரம்பால அடிக்கிறது மருந்தில்ல எண்டு நான் சொன்னனெண்டு."

மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் வாசல் திரையை இழுத்து விட்டதும் அவர்தான்.

நஸ்லியா மேசையில் துண்டுகளைப் பரப்பினாள். ஆரம்பிக்கும் முன் மிஸ் பழக்கிய மாதிரி வெறுங்காலைச் சீமெந்துத் தரையில் அழுத்தினாள். ஒரு தேசிக்காயைக் கீறி அந்த எலுமிச்சை வாசத்தை முகர்ந்தாள். வாய்விட்டுச் சொன்னாள், "இண்டைக்கி வியாழன். நான் சாய்ந்தமருதுல என்ட ஊட்டுல இரிக்கன். கடல் அங்கால இரிக்கி. நான் இஞ்சால இரிக்கன்." பயம் மூடும்போது கால் தரையில் நிற்பதற்கு அது ஒரு பிடி.

பிறகு மெல்லிய குரலில், "சுஹறா ராத்தா, துணி இரிக்கி. நானும் இரிக்கன். அவர வெளிய நிக்கச் சொல்லியிருக்கன். உங்களுக்கு விருப்பமெண்டா வாங்க" என்றாள்.

ஹாதிக் வெளியே வந்து வாசற்படிக்கு இரண்டு முழம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வெயில் ஏறத் தொடங்கியது.

அவன் கூட்டாளி முர்ஷித் அந்த நேரம் பார்த்து முச்சக்கர வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். திரைகளை ஏற்றிப் போகப் பேசி வைத்த வண்டி. ஆள் வாய்க்காரன்.

"என்ன மச்சான், பொஞ்சாதி ஊட்ட உட்டு வெளிய போட்டுட்டாளா? உடுப்புப் பொட்டலம் எங்க?"

"வாயப் பொத்து."

"உம்மாட ஊட்டுக்குப் போறதெண்டா ஏறு. உனக்கெண்டபடியா அரைக் காசு."

"டேய், உன்ட வாப்பாட மேல ஆணை, கொஞ்சம் சும்மா இரி."

ஹாதிக்கின் குரலில் இருந்த ஏதோ ஒன்று முர்ஷித்தை அடக்கியது. அவன் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. கத்தரிக்கோல் மேசையில் விழுந்தது. பிறகு அந்தத் தடித்த குரல்.

"ஆரது வெளிய?"

ஹாதிக் நிமிர்ந்து நின்றான். "அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா."

உள்ளே கத்தரிக்கோலைத் திரும்ப எடுக்கிற சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"வ அலைக்கும் ஸலாம்."

ஆறு வருடத்தில் சுஹறா அவனுக்குச் சொன்ன முதல் வார்த்தை அது. ஹாதிக் கண்ணை மூடிக்கொண்டான். பதிலுக்கு ஸலாம் வந்துவிட்டது!

"நீதானே என்ட காதுக்குள்ள ஓதினவன்?"

"ஓம் ராத்தா."

"நான் அஞ்சு நேரமும் தொழுறவ. என்னப் பாத்து ஷைத்தான் எண்டு ஓதினாய். தண்ணியால அடிச்சாய். அவள உலுப்பிற மாதிரி என்ன உலுப்பினாய்."

"பிழைதான். இனி செய்யமாட்டன். இப்பவும் நீங்க சொன்னாத்தான் படி ஏறுவன்."

"ஏறத் தேவையில்ல."

"சரி."

"அந்த வண்டிக்காரன் ஏன் திரை இடுக்கால என்னப் பாத்துக்கொண்டு இரிக்கான்?"

முர்ஷித் சட்டென்று வானத்தைப் பார்த்தான்.

"அவன் துணி ஏத்த வந்தவன் ராத்தா."

"துணி முடியட்டும் முதல்ல. அவளுக்குச் சுருக்குத் தையல் நல்லாப் போடத் தெரியும். எனக்கு அது வராது. எனக்கு வெட்டு வரும், விலை பேச வரும். அவள் அழுதுகொண்டு மூலைக்குள்ள கிடந்த காலத்துல கேம்புல வரிசையில நிண்டு தண்ணி எடுத்ததும் நான்தான். சோத்துக்குச் சண்டை புடிச்சதும் நான்தான். அவளுக்கு என்ன தெரியும்?"

திரைக்குப் பின்னால் மாமி விம்மியது கேட்டது. சுனாமி அலை வந்து போன அந்த மாதங்களில் மாமி கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஏழு வயது நஸ்லியா முகாமில் யார் யாரோடோ இருந்தாள். அங்கே என்ன நடந்தது என்று மாமியும் கேட்டதில்லை, நஸ்லியாவுக்கும் தெரியாது.

கேட்டுவிடலாம் என்று ஹாதிக்கின் நாக்கு நுனி வரை வந்தது. தங்கேஸ்வரி மிஸ் எச்சரித்திருந்தார். முதலில் அவங்க கால் தரையில் நிற்க வேண்டும், பழசு பிறகு. புதுச் சுவர் காயும் முன்னே அதில் பாரம் ஏற்றாதே என்று தலைமை மேசன் பாஸ் சொல்வது அவன் நினைவுக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அதெல்லாம் உங்களுக்குச் சொல்லணும் எண்டு வாற நாளையில கேக்கன் ராத்தா. இண்டைக்கி இந்தத் துண்டுகள எப்பிடிப் பொருத்திற?"

உள்ளே ஒரு "ஹ்ம்". அந்த ஒற்றைச் சத்தத்தில் குரல் எவ்வளவு தூரம் இளகியிருந்தது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"பிறை வடிவு மேற்கட்டிட நடுவுக்கு. மாங்காய் வடிவு நாலு மூலைக்கும். வலைத்துணிய உள்ளால விட்டுச் சுருக்கணும். அவள் கைதான் வேணும் அதுக்கு. நான் போயிட்டா அவளுக்கு மறந்துபோகும்."

"போகாதீங்க!" ஹாதிக் பதறிவிட்டான். பிறகு குரலை இறக்கினான். "ரெண்டு பேரும் நிண்டா என்ன? நீங்க சொல்லச் சொல்ல அவ தைக்கட்டும்."

"ரெண்டு பேரும் எப்பிடி நிக்கிற?"

"எனக்குத் தெரியா ராத்தா. நஸ்லிக்கிட்டக் கேட்டுப் பாருங்க. அவவும் உங்களத்தான் தேடுறா."

முர்ஷித் வண்டியிலிருந்து ஒரு காலை இறக்கி வைத்தான். தெருவில் ஐஸ்கிரீம் வண்டி ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு போனது.

பிறகு மெசின் ஓடத் தொடங்கியது.

முதலில் விட்டு விட்டு ஓடியது. நின்றது. திரும்ப ஓடியது. தடித்த குரல், "இதில்ல, திருப்பிப் போடு" என்றது. மெசின் ஓடியது. கொஞ்ச நேரத்தில் மெல்லிய குரல், "இப்பிடியா?" என்றது. "ஓம், அப்பிடித்தான்." இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தன. ஹாதிக் திண்டாடிப்போனான். சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது. வெயில் உச்சிக்கு வந்ததும் தெரியவில்லை. லுஹர் பாங்கு சொன்னது. உள்ளே மெசின் நின்றது. யார் தொழுதார்கள் என்று அவன் கேட்கவில்லை. திரும்பவும் மெசின் ஓடியது, இந்த முறை நிற்காமல், நல்ல ரோட்டில் ஓடுகிற சைக்கிள் மாதிரி.

திரை விலகியது.

நஸ்லியா நின்றாள். முகமெல்லாம் வியர்வை, தலை முக்காட்டில் நூல் துணுக்குகள்.

"இஞ்ச பாருங்களேன்."

அவன் திரும்பினான்.

"நான் போகல்ல."

"என்ன?"

"எப்பவும் அவ வந்தா நான் போயிருவன். லைட் அணைஞ்ச மாதிரி ஒண்டும் தெரியாது. இண்டைக்கி நான் போகல்ல! பக்கத்துல நிண்டு பாத்தன். அவ என்ட கைய நீட்டி அளவு பாத்தது எனக்குத் தெரியும். நீங்க ராத்தா எண்டு கூப்பிட்டது கேட்டுது. இவன் முர்ஷித் வானத்தப் பாத்ததும் தெரியும்!"

"அல்லாஹு அக்பர்!" என்று வண்டிக்குள்ளிருந்து முர்ஷித் கத்தினான். ஹாதிக் படியில் ஏறப் போய், ஒரு கால் தூக்கியபடி நின்றுவிட்டான்.

"வரலாமா?"

நஸ்லியா ஒரு கணம் உள்ளே எதையோ கேட்பவள் போலத் தலையைச் சாய்த்தாள். பிறகு சிரித்தாள். "வரட்டாம். துணிய மிதிக்காம வரட்டாம்."

அதற்குப் பிறகு வீடு கலியாண வீடாகிவிட்டது. ஹாதிக் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினான். முர்ஷித் மடித்தான். அவன் மடித்த மடிப்பைச் சுஹறாவோ நஸ்லியாவோ யாரோ ஒருத்தி பிரித்துத் திரும்ப மடித்தாள். மாமி மட்டும் சமையலறைக்குள் நின்று யாருக்கோ போன் எடுத்தார். ஹாதிக் காதைத் தீட்டினான்.

"ஓம் தம்பி, நாளைக்கி வேன் வேணாம். இல்ல, மறுகாவும் வேணாம். எங்கட ஊட்டுல வேல இரிக்கி."

திரும்பி வந்த மாமி, இரண்டு கோப்பைத் தேநீரை நஸ்லியாவுக்கு முன்னால் வைத்தார். ஒன்றில் சீனி கூட, ஒன்றில் சீனி இல்லை. "மற்றவ எப்பிடிக் குடிப்பா எண்டு எனக்குத் தெரியா. ரெண்டும் இரிக்கி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நஸ்லியா இரண்டையும் குடித்தாள்.

நற்பிட்டிமுனைக்குப் போகும் வழியில் வயல்வெளிக் காற்று பொட்டலங்களைத் தூக்கப் பார்த்தது. ஹாதிக் அவற்றின் மேல் படுத்துக்கொண்டான். கலியாண வீட்டு வாசலில் கலியாணப் பெண்ணின் உம்மா பஸ்லியா இடுப்பில் கையூன்றி நின்றார்.

"சுஹறா! எங்க புள்ள போயிட்டாய்? எனக்கு வயித்துக்குள்ள நெருப்பு!"

"நெருப்ப அணைங்க ராத்தா. ஏணி எங்க?"

யார் அந்தப் பதிலைச் சொன்னது என்று ஹாதிக்குக்கே தெரியவில்லை. அவனுக்கு அது தேவைப்படவும் இல்லை. ஏணியில் ஏறி அவன் கம்பி பூட்டினான். கீழே நின்று அவள் "இடது பக்கம், இன்னும், ஆ, நில்" என்றாள். மேற்கட்டி எழுந்து விரிந்தது. நடுவில் பிறை, நாலு மூலையிலும் பொன்மாங்காய், உள்ளே வெள்ளை வலை நுரை மாதிரி. பார்க்க வந்த பெண்கள் அறை வாசலில் நெருக்கியடித்தார்கள். கலியாணப் பெண் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து வாயில் கையை வைத்தாள்.

"மாஷா அல்லாஹ், இத ஆரு தைச்சது?"

நஸ்லியா கழுத்தை நிமிர்த்தினாள். "நாங்க ரெண்டு பேர் தைச்சது."

அஸர் பாங்கு அப்போதுதான் சொன்னது. பஸ்லியா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பேசிய காசுக்கு மேலே கைச்சந்தோசமும் வைத்தார்.

கல்முனைக் கடைத்தெரு, பொழுது சாயும் மஃரிப் தொழுகைக்கு முந்திய நெரிசலில் இருந்தது. முர்ஷித் பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் இறக்கிவிட்டான். தனஞ்சயன் முதலாளி மேசைக்குப் பின்னால் இருந்தார். மெசின் பறிக்கப் போகிற முகமாக அது இல்லை, நாள் முழுக்க நின்று காலுளைந்த ஒரு மனிதரின் முகம்.

"வாங்க தம்பி. இவங்கதானே அண்டைக்கு என்னோட ஒரு மணித்தியாலம் விலை பேசினவங்க? மீட்டருக்கு முப்பது ரூபா குறைச்சிட்டாங்க. எனக்கு அண்டைக்கு இரவு நித்திரையில்ல."

நஸ்லியா சிரித்தாள். "குறைச்சது நியாயமான விலைதான் முதலாளி." அது சுஹறாவின் மிடுக்கு. காசை ஓரம் சேர்த்து மெல்ல நீட்டிய விரல் நஸ்லியாவினுடையது. ஹாதிக் இரண்டையும் அடையாளம் கண்டான். கண்டதில் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

முதலாளி எச்சில் தொட்டுக் காசை எண்ணத் தொடங்கினார்.

அந்த நேரம் பக்கத்துக் கடைக்காரன் தொழுகைக்காக இரும்பு ஷட்டரை இழுத்து விட்டான். மேலிருந்து கீழே ஒரே இரைச்சலாக அது உருண்டு வந்தது. பெரிய தண்ணீர் ஒன்று தெருவை உருட்டிக்கொண்டு வருகிற சத்தம்.

ஹாதிக்கின் சட்டை பின்னால் இறுகியது.

திரும்பினான். நஸ்லியா குனிந்து அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். இரண்டு கையாலும் அவன் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். தோள் சுருங்கி, கண் மட்டும் பெரிதாக. நஸ்லியாவின் பார்வை இல்லை அது. சுஹறாவின் பார்வையும் இல்லை.

"கடல் போயிட்டா?" என்றது ஒரு சின்னக் குரல்.

காலையில் இது நடந்திருந்தால் அவன் தண்ணீருக்கு ஓடியிருப்பான். இப்போது கால் மடித்து, துணிக்கடைத் தரையிலேயே மெதுவாக உட்கார்ந்தான். உயரம் ஒன்றாகட்டும் என்று.

"போயிட்டு மகள். எப்பவோ போயிட்டு. இது கல்முனை, துணிக்கடை. இண்டைக்கி வியாழன். ஒண்டும் இல்ல."

"என்ட செருப்பு?"

"தேடுவம். ரெண்டு பேரும் சேந்து தேடுவம். உங்கட பேரு என்ன?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சொல்ல மாட்டாளாம். பிடியும் தளரவில்லை. ஹாதிக் இரண்டாவது தரம் கேட்கவில்லை. உட்கார்ந்தபடியே தங்கேஸ்வரி மிஸ்ஸின் இலக்கத்தைத் தேடினான். காலையில் இருந்த பயம் இப்போது இல்லை. இன்னொருத்தியும் இவ்வளவு காலம் உள்ளே இருந்திருக்கிறாள். இன்றைக்கு அவளுக்கும் வெளியே வரத் தைரியம் வந்திருக்கிறது.

மேசைக்கு மேலே முதலாளி காசை அடுக்கி றப்பர் வளையம் போட்டார். சுஹறா என்ற பெயருக்கு நேரே நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

"நாப்பத்தெட்டாயிரத்து எழுநூத்தம்பதும் சரி தம்பி. கணக்குத் தீர்ந்தது" என்றவர், மேசைக்கு மேலாக எட்டிப் பார்த்து, தரையில் இருந்த இரண்டு பேரையும் கண்டு, குரலைத் தாழ்த்தினார். "கெதியா ஒழும்பத் தேவையில்ல. இருங்க. நான் கடை பூட்ட இன்னும் நேரமிரிக்கி."